அப்பாவுக்கு மட்டும் வெள்ளைச் சோறு

ஜப்பான்காரன் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்த அத்தனை பேரும் இளைத்துத் துரும்பானார்கள். என் அப்பா ஒருவர்தான் தடித்தார். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு நாங்களும்தான் சிரித்தோம், பெருமைப்பட்டோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. தம்பி என்னைவிடச் சின்னவன். அப்பா ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக்காரன் ஓடிப்போய் ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்த பிறகும் அவருக்கு அதே மேசை, அதே நாற்காலி. வாசலில் நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போவது மட்டும்தான் புதிது. சம்பளத்தை வாழைமரம் போட்ட நோட்டாகக் கொடுத்தார்கள். அந்த நோட்டை அம்மா ஒரு ராத்திரிகூட வீட்டில் தங்கவிட மாட்டாள்.

"காயிதம் இன்னிக்கு ஒரு வெல, நாளைக்கு ஒரு வெல. பண்டமா மாத்திப்புட்டா பண்டம் பண்டமாவே இருக்கும்" என்பாள். சம்பளம் கைக்கு வந்த அன்றே பாசாருக்குப் போய் உப்போ கருவாடோ மண்ணெண்ணெயோ, எது கிடைக்கிறதோ அதை வாங்கிப் போட்டுவிடுவாள். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள். ஆனாலும் எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் குடும்பம் நடத்த யோசனை கேட்டு அவளிடம்தான் வருவார்கள். வீட்டுக்கு முன்னால் பூச்செடி இருந்த இடமெல்லாம் மரவள்ளி நட்டாள். வேலி ஓரத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி ஓடியது. பின்னால் நாலைந்து கோழிகள். எதுவும் வீணாகக் கூடாது, எவரும் நோயில் படுக்கக் கூடாது, இவ்வளவுதான் அவளுடைய சட்டம். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். கொசு முட்டையிடும் என்று கொட்டாங்கச்சியைக்கூடக் கவிழ்த்து வைத்தாள். அவள் செய்ததில் ஒன்றைக்கூட இன்றுவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

அந்தச் சட்டத்தின் முதல் விதி, அப்பாவுக்கு வெள்ளைச் சோறு.

அப்பா கேரி தீவு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். சம்பானில் கடலைக் கடந்து கிள்ளானுக்கு வந்து படித்து, தோட்டத்துக்கே திரும்பாமல் ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்தவர். தோட்டத்தில் கொடுத்த ரங்கூன் புழுங்கல் அரிசியின் வாடை அவருக்கு ஜென்மப் பகை. "மல்லியப்பூவாட்டம் சோறு திங்கணும்னுதான் நான் இங்கிலீஷே படிச்சேன்" என்று விளையாட்டாகச் சொல்வார். விளையாட்டில்லை, நிஜம்தான். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் எங்கள் வீட்டில் சயாம் பச்சரிசி தவிர வேறு அரிசி உலையேறியதில்லை. தட்டில் விழும் சோற்றின் நிறத்தைப் பார்த்துத்தான் அவர் தாம் எவ்வளவு தூரம் மேலே வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டார் போலிருக்கிறது.

ஜப்பான்காரன் வந்த கொஞ்ச நாளில் அரிசி மாயமானது. ரேஷனில் கிடைத்தது சுண்ணாம்பு கலந்த பழைய அரிசி. அதையும் வரவர அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அப்போது கைகொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. காப்பார் என்ற ஊரில் ஒரு தென்னந்தோப்பில் வேலை. அக்கம்பக்கத்து மலாய்க் கம்பங்களில், அதாவது கிராமங்களில், இருக்கும் பெண்கள் தங்கள் வீட்டு உரலில் குத்திய அரிசியைப் புடவைக்கு மாற்றாகக் கொடுப்பார்கள். துணிக்கும் அப்போது பஞ்சம். மாமா அந்த அரிசியைத் தேங்காய் மூட்டைக்குள் மறைத்து, டியூப் கிடைக்காமல் ரப்பர் குழாயை வளைத்துக் கட்டிய சைக்கிளில் கடகடவென்று அவ்வளவு தூரமும் மிதித்துக்கொண்டு வருவார். வழியில் சோதனையில் பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அவரும் சொன்னதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இந்தாக்கா, அத்தானுக்கு" என்பார். எங்களுக்கு என்று அவரும் சொல்லமாட்டார்.

அம்மாவின் பெட்டியிலிருந்து ஒவ்வொரு புடவையாகக் காப்பாருக்குப் போனது. கடைசியில் கூறைப்புடவையும் போனது. அதை மடித்துக் கொடுத்தபோது அம்மா அழவில்லை. "செவுரு இருந்தாத்தானடா சித்திரம் எழுத முடியும். எங்களுக்குச் செவுரு அவருதான்" என்றாள்.

கம்பத்து அரிசி சிவந்து, மேலே தவிடு ஒட்டியபடி இருக்கும். அதை அப்பா பார்த்தால் தட்டைத் தள்ளிவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம். ஆகவே அதை மறுபடி உரலில் போட்டுத் தீட்டுவாள். தீட்டித் தீட்டி, புடைத்துப் புடைத்து, அரிசி பளபளவென்று வெளுக்கும்வரை விடமாட்டாள். பிறகு தண்ணீர் தெளியும்வரை கழுவுவாள். வெந்த பின் கஞ்சியையும் வடித்துவிடுவாள். அந்தக் கஞ்சி தம்பிக்கு. தீட்டிய தவிட்டைக் கீழே கொட்ட மனம் வருமா அவளுக்கு? அதைச் சலித்து, மரவள்ளித் துருவலோடு பிசைந்து, செம்பனை எண்ணெய் தடவிய சட்டியில் ரொட்டியாகத் தட்டிப் போடுவாள். அதுதான் எனக்கும் தம்பிக்கும் அவளுக்கும். கூடவே சர்க்கரைவள்ளிக் கீரை. காலையிலும் அதே, ராத்திரியும் அதே. தொண்டையில் சொரசொரவென்று இறங்கும். எண்ணெய் சோப்பு நாற்றம் அடிக்கும். கோழிக்குப் போடுவதையெல்லாம் நமக்குப் போடுகிறாளே என்று நான் மூக்கைச் சிந்திக்கொண்டு தின்பேன்.

அப்பா சாப்பிட உட்கார்ந்தால் நானும் தம்பியும் கதவோரம் போய் நின்றுகொள்வோம். அம்மா விரட்டுவாள். "கண்ணு வைக்காதீங்க, அங்கிட்டுப் போங்க!" ஒரு துண்டு கருவாடு, கொஞ்சம் புளிரசம், அதற்கு நடுவே ஆவி பறக்கும் வெள்ளைச் சோறு. அப்பாவுக்குக் கீரை வைக்கமாட்டாள். ஆபீஸ்காரர் இலைதழை தின்பதாவது! தவிட்டு ரொட்டியை அவர் கண்ணில்கூடக் காட்டமாட்டாள். ஆபீசுக்குக் கொடுத்தனுப்பும் டிபன் கேரியரில் மட்டும் சோற்றுக்கு மேல் மரவள்ளியை நறுக்கிப் பரப்பிவிடுவாள். மற்றவர் பார்த்தால் கிழங்கு. தோண்டினால் சோறு. அப்பாவுக்கு அது வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சில நாள் கடைசிக் கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "போதும், வயிறு மந்தமா இருக்கு" என்று எழுந்துவிடுவார். நானும் தம்பியும் அதற்கு அடித்துக்கொள்வோம்.

இப்படியே இருக்கும்போதுதான் அப்பாவின் முகம் பொம்மென்று ஆனது. கன்னம் பூசினாற்போல் இருந்தது. கால் திரண்டது. கணுக்கால் எலும்பே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டேவிட்டாள்.

"ஏன் தங்கச்சி, ஊரே எலும்பும் தோலுமா அலையுது. ஒன் வூட்டுக்காரரு மட்டும் புது மாப்பிள்ளையாட்டம் இருக்காரே! என்னா போடுற, சொல்லேன் லா."

"என்னத்தக்கா போடுறேன். எல்லாருக்கும் போல கெழங்குதான்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு உள்ளே வந்தவளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு பூரிப்பு. பிறகு கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே, அத்தனை பஞ்சத்திலும் ஒரு பிடி உப்பை எடுத்து மிளகாயோடு அப்பாவுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி ஏறவில்லை. கண்ணுதான், கண்ணுதான் என்றாள்.

சாயங்காலம் அப்பாவுக்குக் கால் பிடித்துவிடுவது என் வேலை. விரலால் அழுத்தினால் சதை அப்படியே உள்ளே போகும். விரலை எடுத்தாலும் குழி மூடாது. எனக்கும் தம்பிக்கும் அது பெரிய வேடிக்கை. இரண்டு வரிசையாகக் குழி போட்டு, அதில் புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடினோம். அப்பாவும் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்துச் சிரித்தார். "ஏய், பாப்பா கள்ளாட்டம் ஆடுது பாருடா" என்று தம்பிக்காக வாதாடினார். அம்மா வந்து எங்கள் முதுகில் ஆளுக்கு ஒன்று வைத்தாள். அப்பாவின் உடம்பு அவள் புடவையெல்லாம் விற்றுக் கட்டிய உடம்பு, அதில் விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவளுக்குக் கோபம்.

ஆனால் அந்தப் பூரிப்பு அவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக ஏற்றிப் போனார்கள். ரயில்வே ஆட்களையும் அனுப்பப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அம்மாவுக்கு ராத்தூக்கம் போயிற்று. "நோஞ்சானை வுட்டுப்புட்டு வாட்டசாட்டமா இருக்கிறவனைத்தானே புடிப்பான்?" என்றாள். ஆசை ஆசையாக உடம்பு தேற்றிவிட்டு, அதை எவன் கண்ணிலும் படாமல் மறைக்க வேண்டிய நிலைமை.

அப்பாவுக்குத் தொளதொளவென்று ஒரு நீளக் கால்சட்டை தைத்துக் கொடுத்தாள். கால் தெரியக் கூடாது. வெளியே போகும்போது கூனி நடக்கச் சொன்னாள், இருமச் சொன்னாள், காலை இழுத்து இழுத்து வைக்கச் சொன்னாள். அப்பாவுக்கு முதலில் சிரிப்பு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நடந்து பழகினார். நாங்கள் மூவரும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தோம். "இன்னும் கொஞ்சம் இழுங்க" என்றாள் அம்மா. அப்பா இழுத்தார், தள்ளாடினார், வாசற்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். தம்பி கைதட்டினான். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்த நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அப்பா தினமும் அப்படித்தான் நடந்தார். ஆபீசுக்குப் போகும்போது காலை இழுத்தார், வரும்போதும் இழுத்தார். வேலியோரம் நின்று பார்க்கும் அம்மா, "பரவால்ல, நல்லாத்தான் பழகிட்டாரு" என்பாள். கால் செருப்பு கழன்று வழியில் கிடக்கும், அவருக்குத் தெரியாது. நான் பின்னால் ஓடி எடுத்து வருவேன். செருப்பு கழன்றதுகூடத் தெரியாத மாதிரி எவ்வளவு தத்ரூபமாக நடிக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதியிடம் இதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ள வேண்டும் போல் நாக்கு துறுதுறுத்தது. வெளியே சொன்னால் அப்பாவைப் பிடித்துப் போய்விடுவார்கள் என்ற பயத்தில் அடக்கிக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குள் வந்த பிறகும் அப்பா காலை இழுத்தார். கதவைச் சாத்தியாகிவிட்டது, பார்க்க வெளியாள் எவரும் இல்லை. கூடத்தைத் தாண்டுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி வழக்கம்போலக் கைதட்டினான். அப்பா சிரிக்கவில்லை.

"ஏங்க, வூட்டுக்குள்ள எதுக்கு?" என்றாள் அம்மா.

"நான் ஒண்ணும் பண்ணல புள்ள. காலு தரையில இருக்கா இல்லையான்னே தெரியல" என்றார் அப்பா.

அம்மா பதறிப்போனாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். உழைக்கிற உடம்புக்குச் சோறு போதவில்லை. மறுநாளே கையில் மிச்சமிருந்த இரண்டு வளையலையும் கழற்றி மாமாவிடம் கொடுத்தனுப்பினாள். அரிசி வந்தது. முன்னைவிட அதிகமாகத் தீட்டினாள், முன்னைவிட அதிகமாக வைத்தாள். ரசம் வயிற்றைக் கலக்கும் என்று அதையும் நிறுத்திவிட்டு உப்பு மட்டும் போட்டுப் பிசைந்து ஊட்டினாள். அப்பா இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்பார். "எனக்காக இன்னும் ஒரு வாயி" என்று கெஞ்சுவாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பெரியம்மா சொன்னதற்கு அம்மா ஒப்பவில்லை. போனால் பெயர் எழுதுவார்கள், உடம்பைப் பார்ப்பார்கள், குணமானதும் நேரே சயாம்தான் என்று பயந்தாள்.

கடைசியில் மாமாதான் ஒரு காலை நேரம் வந்து பார்த்துவிட்டு, அம்மாவைக் கேட்காமலே ரிக்ஷா பிடித்து வந்தார். அப்பாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. மாமா அவரைத் தாங்கிக்கொண்டு ரிக்ஷாவில் போக, அம்மாவும் நானும் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனோம். தம்பியைப் பெரியம்மா வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கட்டில் ஆள். நடைபாதையிலும் பாய் போட்டிருந்தார்கள். அப்பாவைப் பார்த்தவர் டிரெசர், டாக்டருக்கு உதவியாக வைத்தியம் பார்ப்பவர். நம்மவர்தான், வயதானவர். காலை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. நாங்கள் போட்ட குழியேதான்.

"என்னம்மா சாப்பாடு குடுக்கறீங்க இவருக்கு?" என்றார்.

அம்மா நிமிர்ந்து நின்றாள். "வெள்ளச் சோறுங்க. இந்தப் பஞ்சத்துலயும் ஒரு வேளை கொறை வச்சதில்லைங்க. அரிசியை நானே தீட்டித் தீட்டிப் போடுறேன்."

"வேற?"

"வேற எதையும் அவருக்குக் குடுக்க மாட்டேங்க. கெழங்கு, கீரை, தவிடு எல்லாம் நாங்க தின்னுக்கறோம்."

டிரெசர் என்னைக் கிட்டே கூப்பிட்டு என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழவில்லை. என் கால் குச்சிக் கால், அவ்வளவுதான். அவர் எழுந்து அம்மாவைப் பார்க்காமலே பேசினார்.

"இது சதை இல்லம்மா, வீக்கம். சத்து இல்லாம வர்றது. இதயம் வரைக்கும் போயிடுச்சு. இதுக்கு ஊசி இருக்கு, எங்க கையில இல்ல. அரிசியில இருக்கிற சத்து பூராவும் தவிட்டுலதான் இருக்கு. தவிடு கெடைச்சா கரைச்சுக் குடுத்துப் பாருங்க."

"தவிடா?" என்றாள் அம்மா. "அது நாங்க திங்கிறதாச்சே!"

"ஆமாம்மா" என்றார் அவர். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அம்மா வீட்டுக்கு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். தவிட்டைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்தாள். அப்பாவை மாமா நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"கோழிக்கு வச்சதை எனக்குக் கொண்டாந்துட்டியா?" என்றார்.

"குடிங்க. ஒங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன், குடிங்க" என்றாள் அம்மா. இரண்டு மிடறு குடித்தார். மூன்றாவது வாயோரம் வழிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் அப்பா இறந்துபோனார்.

கருமாதி முடிந்து மாமா காப்பாருக்குத் திரும்பினார். பெரியம்மா மட்டும் எங்கள் வீட்டிலேயே பாதி நேரம் இருந்தாள். அடுப்படியில் மண்ணெண்ணெய்த் தகரத்தில் தீட்டிய அரிசி கால்வாசிக்கு இருந்தது எனக்குத் தெரியும். இனி அதைச் சாப்பிட வேறு ஆள் இல்லை. எங்களுக்குத்தான். இதை இப்போது சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் பசித்த பிள்ளைக்குத் துக்கமும் பசியும் பக்கத்துப் பக்கத்தில்தான் குடியிருக்கும். தம்பியிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தேன். அவனும் காலையிலிருந்து ஒன்றும் தின்னாமல் காத்திருந்தான்.

அம்மா தகரத்தை இழுத்தாள். முறத்தில் அரிசியைக் கொட்டினாள். வெள்ளை வெளேரென்று பரவியது. தம்பி என் கையைக் கிள்ளினான். அப்புறம் அம்மா தவிட்டுப் பானையை எடுத்து, அப்படியே அதன்மேல் கவிழ்த்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் இரண்டு கையாலும் அரிசியையும் தவிட்டையும் அள்ளி அள்ளித் தேய்த்தாள். ஒட்டவில்லை. கையை எடுத்தால் அரிசி வேறு, தவிடு வேறாகப் பிரிந்து விழுந்தது. மறுபடி அள்ளித் தேய்த்தாள். தவிட்டு மாவு அவள் கண்ணிலும் தலையிலும் அப்பியது.

"நல்ல அரிசியை ஏம்மா கெடுக்கற? எங்களுக்கு வேணும்மா!" என்று கத்தினேன். அப்பாவை எடுத்துக்கொண்டு போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. தரையில் விழுந்து உதைத்து அழுதேன். தம்பியும் சேர்ந்துகொண்டான். பெரியம்மா ஓடிவந்து என்னை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "அழாத கண்ணு. அப்பா சாமிகிட்ட போயிட்டாரு. அவரை நெனச்சு நெனச்சு அழுதா ஒடம்பு என்னத்துக்கு ஆவும்?" என்று அவளும் அழுதாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தேன்.

அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் பசியோடு கிடக்கிறோம் என்பதுகூட இவளுக்குத் தெரியவில்லையே என்று அன்று முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன்.